நூற்றெண்பத்தேழு ஏணி, ஒரு குடை: ஜவ்வாது மலைக்கு இரண்டாம் முறை

ஜவ்வாது மலைக்குப் போக நல்ல காரணங்கள் பல உண்டு. கோடையிலும் விடியற்காலை போர்வை கேட்கும் குளிர், கூட்டமில்லாத காட்டுப் பாதைகள், தேன், சாமை. என் காரணம் இவற்றுள் ஒன்றும் அன்று. 1986 மாசியில் அம்மலைச் சிற்றூர் ஒன்றில் நூற்றெண்பத்தெட்டுப் பேரிடம் நான் உறுதியாகச் சொன்ன ஒரு வாக்கியம், மூன்றே நாளில் பொய்யாயிற்று. அதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டிய கடமையில் பங்குனி முதல் வாரம் மறுபடியும் மலை ஏறினேன். அவ்வழியே செல்ல விரும்புவோருக்குப் பயன்படும் என்பதால் நேரம், தூரம், கட்டணம் யாவும் குறித்திருக்கிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், வழியை மாற்றவில்லை.

முதல் பயணத்தைச் சொல்லாமல் இரண்டாவது விளங்காது. நான் ஓர் அரசுக் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாக அரசியல் அறிவியல் கற்பிப்பவன். அமெரிக்க அரசாங்கமும் அதன் தேர்தல்களும் என் தாள். நெடுநாள் கழித்து நடந்த ஊராட்சித் தேர்தலுக்கு ஆசிரியர்களை வாக்குச்சாவடிகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு வேங்கைக்கொல்லை என்ற மலைச் சிற்றூர் கிடைத்தது. தலைவர் பதவிக்கு இருவர் போட்டி. ஏணிச் சின்னக்காரர் அடிவாரத்துப் புளி வியாபாரிகளின் ஆதரவு பெற்றவர். தார்ச்சாலை போட்டுத் தருவதாக வாக்களித்திருந்தார். குடைச் சின்னக்காரர் பக்கத்துச் சிற்றூர் விவசாயி. எதையும் வாக்களித்ததாகத் தெரியவில்லை.

அவ்வூர் வழக்கம் ஒன்றை அங்கே போன பிறகுதான் அறிந்தேன். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் ஊர்க்கூட்டம் கூடி யாருக்கு என்று முடிவு செய்யும். ஊருக்குத் தலைமை வகிக்கும் ஊர்க்கவுண்டர் அதை அறிவிப்பார். மறுநாள் ஊர் முழுவதும் அந்த ஒரே சின்னத்தில் முத்திரை குத்தும். எனக்கு இது வியப்பாக இல்லை. அமெரிக்க மாநிலங்களில் ஏறத்தாழ எல்லாமே அதிபர் தேர்தலில் இதைத்தான் செய்கின்றன: மாநிலத்துக்குள் ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே, அதிபரைத் தேர்ந்தெடுக்க அம்மாநிலம் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகள் அத்தனையும் போய்ச் சேரும். அந்தத் தேர்வாளர்களில் எப்போதாவது ஒருவர் சொன்னபடி போடாமல் வேறு ஒருவருக்குப் போட்டுவிடுவதுண்டு. அவரை அங்கே நம்பிக்கை தவறியவர் என்பார்கள். என் வகுப்புகளில் இதைச் சொல்லும்போது மாணவர் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

வாக்குப்பதிவு நாள் காலை, வரிசையில் நின்ற குப்பம்மாள் என்ற பெண் மேசையருகே வந்ததும் விரலை நீட்டவில்லை. நாற்பது வயதிருக்கும், கணவர் இறந்தவர், இரண்டு புளிய மரமும் கொஞ்சம் சாமைக் கொல்லையும் அவளுடைய பிழைப்பு.

“உள்ள போய் இன்னா பண்றேன்னு யாருக்கும் தெரியாதா சார்?”

கேட்க வேண்டியவனிடம்தான் கேட்டாள். நான் எழுந்து நின்றே பதில் சொன்னேன். சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவில் கட்சிகளே வண்ண வண்ணத் தாளில் வாக்குச்சீட்டு அச்சிட்டுக் கொடுத்ததையும், பெட்டியில் போடும்போதே முதலாளி நிறத்தைப் பார்த்துவிடுவதையும், பிறகு ஆஸ்திரேலியாவைப் பார்த்து இரகசிய வாக்குமுறையை மேற்கொண்டதையும் விளக்கினேன். கால் மணி நேரமாவது பேசியிருப்பேன். முடிவாகச் சொன்னேன்: “யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கலெக்டருக்கும் தெரியாது.”

“சாமிக்கு?”

“சாமிக்குத் தெரியும்.”

“சாமி ஓட்டு எண்ண வராது, பரவால்ல” என்று விரலை நீட்டினாள். வரிசை சிரித்தது. அவளுக்கு அடுத்து, கோலை ஊன்றியபடி நின்ற ஊர்க்கவுண்டர் பெரியதம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மரியாதை அறிந்தவர் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வாக்கு எண்ணினார்கள். பெட்டி பெட்டியாக எண்ணி, ஒவ்வொரு சாவடியின் முடிவையும் ஓர் அலுவலர் ஒலிபெருக்கியில் வாசித்தார். “வேங்கைக்கொல்லை: ஏணி நூற்றெண்பத்தேழு, குடை ஒன்று.” கூட்டத்தில் ஒருவர் விசில் அடித்தார். ஒரே ஊருக்கு ஒரே பெட்டி, அந்தப் பெட்டிக்குத் தனி எண்ணிக்கை, அதற்கு ஒலிபெருக்கி. தட்டி மறைவு, மடித்த சீட்டு, அரக்கு முத்திரை எல்லாம் எதற்காக என்று அப்போது என்னையே கேட்டுக்கொண்டேன். எண்ணும் முறை எனக்குக் கொடுத்த கையேட்டின் கடைசிப் பகுதியில் அச்சாகியே இருந்தது. என் கடமை முடியும் பக்கத்தோடு நான் படிப்பதை நிறுத்தியிருந்தேன். ஏணிக்காரர் ஏராளமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த ஒரு குடையால் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பங்குனி பிறந்ததும், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரும் என் சாவடியில் உதவியாக இருந்தவருமான மாணிக்கம் அஞ்சலட்டை எழுதினார். ஊர் வார்த்தையை மீறியவரைக் கண்டுபிடிக்க ஞாயிறு மாலை கோயில் முன் ஒவ்வொருவரும் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து, ஏணிக்குத்தான் போட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்ய மறுத்தால் ஊர்விலக்கு. எல்லோரும் குப்பம்மாளைத்தான் சொல்கிறார்கள். காரணம் தங்களுக்கே தெரியும். இவ்வளவுதான் அட்டையில்.

இனி வழி. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குக் காலை 6.10க்குப் பேருந்து. கட்டணம் மூன்று ரூபாய் இருபத்தைந்து பைசா; தூரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்; மலைப்பாதையால் இரண்டு மணி நேரம் ஆகும். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தால் ஏறும்போது பள்ளத்தாக்கு தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் வலப்பக்கம் உட்காருவது நல்லது. நடத்துநர் என் காலணியைப் பார்த்தார்.

“எங்க சார், புதூர்நாடா?”

“வேங்கைக்கொல்லை.”

“ஒத்த ஓட்டு ஊரா?” என்று உரக்கக் கேட்டார். பேருந்தில் பாதிப்பேர் திரும்பினார்கள். “யாருன்னு புட்சிட்டாங்களா சார்?”

தெரியாது என்றேன். முன்னிருக்கையிலிருந்து ஒருவர், “பொம்பளைன்றாங்க” என்றார். அடிவாரம் முழுவதும் தீர்ப்பு வந்துவிட்டிருந்தது.

திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒன்றை மடியில் வைத்திருந்தேன். ‘அமெரிக்க அரசியலமைப்பில் தடைகளும் சமன்களும் பற்றி விளக்குக’ என்பது வினா. நாற்பத்து மூன்று தாள்களிலும் ஒரே வாக்கியத்தில் விடை தொடங்கியது. பல ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லி எழுத வைத்த குறிப்பின் முதல் வாக்கியம் அது. மூன்றாம் வளைவில் விடைத்தாள் கட்டைப் பைக்குள் வைத்தேன்.

புதூர்நாட்டில் தேநீர் நாற்பது பைசா. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் நடை, வண்டி கிடையாது. முதல் மூன்று கிலோமீட்டர் மேடு, பிறகு ஓடையைத் தாண்டி வேங்கை மரங்களுக்கிடையே சமமான பாதை. வழியில் ஓடையைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. 8.40க்குப் புறப்பட்டு 11.45க்குச் சேர்ந்தேன். மலையாட்கள் இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். புளி அறுவடைக் காலம். ஊர் கண்ணில் படுமுன்பே வீடுதோறும் கட்டையால் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கும் ஓசை கேட்டது. என்னைக் கண்டதும் முதல் இரண்டு வீடுகளில் அந்த ஓசை நின்றது.

மாணிக்கம் வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும். சாப்பிட்டுக் கை கழுவும்போது குப்பம்மாள் வந்தாள். ஊர்விலக்கு என்றால் என்ன என்று மாணிக்கம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மரம் ஏறி உலுக்க ஒருவன், கீழே பொறுக்க நாலு பேர் என்று ஊரே முறை வைத்துத்தான் புளி இறக்குகிறது. விலக்கப்பட்டவருக்கு அந்த ஆள் வராது. புளி மரத்திலேயே காய்ந்து உதிரும். ஓராண்டுச் சாப்பாடு போய்விடும்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வருத்த வாசகத்தைத் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

“நீங்க பண்ண வேலதான் சார் இது. வரிசைல எல்லாரும் விரல நீட்னாங்க, போனாங்க. என்கிட்ட மட்டும் நின்னுகினு கத சொன்னீங்க. ஊரே பாத்துது. இப்ப அந்த ஒத்த கொட என் தலைல வந்து வுயுந்துச்சு.”

“அம்மா, நீங்கள் குடைக்குப் போட்டிருந்தாலும் அது உங்கள் உரிமை...”

“யாருக்குக் குத்தனேன்னு உங்களுக்கு எதுக்கு சார்? நீங்கதான யாருக்கும் தெரியக்கூடாதுன்னீங்க?”

மாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவள் குடைக்குத்தான் போட்டாள் என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இருக்கவில்லை. என் பேச்சைக் கேட்டுத் துணிந்திருக்கிறாள் என்று நம்பினேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுவதுதான் முறை.

மாலை நான்கு மணிக்குக் கூட்டம். கோயில் என்பது வேப்ப மரத்தடியில் மூன்று கல். எதிரில் ஆண்கள், வலப்புறம் பெண்கள், நடுவில் கோலோடு பெரியதம்பிக் கவுண்டர். கூட்டத்தை நடத்தியவர் அவர். ஓட்டியவர் சடையன், ஏணிக்காரருக்காக வீடு வீடாகப் போனவர். முன்னோர் வழக்கம் பற்றி அவர்தான் அதிகம் பேசினார். லாரி வரும் சாலையை ஊரில் அதிகம் விரும்பியவரும் அவரே. பழைமைவாதி, தாராளவாதி என்று நான் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதும் வழக்கம் நினைவுக்கு வந்தது. அவரை எந்தப் பத்தியில் எழுதுவது?

பேச அனுமதி கேட்டேன். தந்தார்கள். எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். நம் அரசியலமைப்பும் இருபதாம் உறுப்பில் அதையே சொல்கிறது. ஆகவே இந்தச் சத்தியம் கேட்பது தவறு என்றேன். சுருக்கமாகவே பேசினேன். அமைதியாகக் கேட்டார்கள்.

சடையன் பணிவோடு எழுந்தார். “சார் சொன்னது சரிதாங்க. சாட்சி சொல்ல யாரையும் நாங்க கட்டாயப்படுத்தலிங்க. சத்தியம் பண்ணாதவங்க பண்ண வேணாம். நாங்களும் அவங்க மரத்துக்கு வர வேணாம். அவ்ளோதான?”

கூட்டம் தலையாட்டியது. நான் உட்கார்ந்தேன். இருபத்தாறு ஆண்டுப் படிப்புக்கு அரை நிமிட விடை.

கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து கல்லின் முன் வைத்தார்கள். சடையன் பெண்கள் பக்கம் திரும்பி, “குப்பம்மா வரட்டும்” என்றார்.

குப்பம்மாள் எழுந்து புடவையை உதறிச் செருகிக்கொண்டாள். “வர்றேன். எனக்கு இன்னா பயம்? ஆனா கேக்கறவங்க மொதல்ல அடிச்சிட்டு அப்பறம் கேக்கணும். அதான வழக்கம்? வழக்கம் வழக்கம்னு ஒரு மணி நேரமா கத்தறியே சடையா, அந்த வழக்கம் உன் வாய்ல வரலியா?”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. முதியவர் ஒருவர், “சரிதான், அது இருக்குது” என்றார். மாணிக்கம் என் காதருகே விளக்கினார். ஊர் பேரால் சத்தியம் கேட்கும் உரிமை ஊர்க்கவுண்டருக்கு மட்டுமே உண்டு. கேட்குமுன் அதே சத்தியத்தை அவர் முதலில் செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் வேறு எவரையும் கேட்க முடியாது. அந்தப் பேச்சு அத்தோடு செத்தது. நினைவு தெரிந்து இந்த வழக்கம் தேவைப்பட்டதே இல்லையாம், ஊர்க்கவுண்டர் செய்யாமல் போவார் என்று யாரும் எண்ணிப் பார்க்காததால்.

“அதுக்கென்ன, மாமா அடிப்பாரு” என்றார் சடையன்.

பெரியதம்பிக் கவுண்டர் கோலை இடக்கைக்கு மாற்றினார். தட்டருகே போனார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வலக்கை பாதி தூரம் போய் நின்றது. காற்று இல்லாத மாலை. சுடர் நேராக நின்றது. கற்பூரம் முழுவதும் எரிந்து அடங்கும்வரை, மூன்று நிமிடம் இருக்கும், கை அங்கேயே நின்றது.

பிறகு கோலைக் கல்லில் சாய்த்து வைத்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார்.

குப்பம்மாளின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் போயிற்று. “மாமா, நான் சடையனுக்குத்தான் சொன்னேன்” என்றாள். அவர் கையசைத்து அவளை உட்காரச் சொன்னார்.

சடையன் எழுந்து ஊர்விலக்கு என்று ஏதோ தொடங்கினார். முதியவர் தடுத்தார்: “யாரு சொல்றது? கோலு வெச்சிருக்கறவன் சொல்லணும். கோலு அங்க சாஞ்சிருக்குது பார்.” புதிய ஊர்க்கவுண்டரை ஆடித் திருவிழாவில்தான் தேர்ந்தெடுக்க முடியும். செத்த பேச்சை அவரும் எடுக்க முடியாது. கூட்டம் கலைந்தது. பெரியதம்பியின் தந்தையும் அதற்கு முன் தந்தையின் தந்தையும் பிடித்திருந்த கோல் அது என்று மாணிக்கம் சொன்னார்.

அன்றைய பேருந்து போய்விட்டதால் பள்ளியில் தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டபோது பெரியதம்பி வாசலில் நின்றிருந்தார். “ஓட வரைக்கும் வந்து வுட்டுட்டுப் போறேன் சார்.”

வழியில் ஒரு வேங்கை மரத்தடியில் நின்று அவரே சொன்னார்: “ரோடு வந்தா மொதல்ல ஏறி வர்றது டாக்டர் இல்ல சார். சந்தனக் கட்ட ஏத்தற லாரி. இப்ப தலச்சொமயா போவுது. அப்ப லாரில போவும். கேசு மட்டும் எங்க பசங்க மேல வரும்.”

“இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா ஊரு ரெண்டாவும். ஆவாம பாத்துக்கத்தான் அந்தக் கோலு. ஊரு ரோடு கேட்டுது, ஏணின்னு நான் கூவிச் சொன்னேன். அதுல பொய் இல்ல.” கொஞ்சம் நடந்தார். “அப்பறம் அந்தத் தட்டிக்குள்ள போனேன். முப்பது வருசத்துல நான் தனியா நின்ன எடம் அது ஒண்ணுதான் சார். நீங்க வேற யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிகினு இருந்தீங்க.”

நான் சொன்னது தவறு, எண்ணும் முறையை நான் படித்திருக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், விரும்பவும் செய்தேன்.

“நீங்க இன்னா சார் பண்ணுவீங்க” என்றார் ஆறுதலாக. “உங்களுக்கும் தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்களே.”

ஓடையில் திரும்பினார். அன்று அவருடைய மரத்தில் புளி உலுக்கும் முறையாம். ஆள் வருமா என்று கேட்டேன். “குப்பம்மா வர்றேன்னா. அவ வந்தா மத்தவளுங்க வருவாளுங்க. சடையன் மரம் ஏற மாட்டான், அவ்ளோதான்.”

மறுவாரம், ஒலிபெருக்கியில் முடிவுகளை வாசித்த அலுவலரைப் போய்ப் பார்த்தேன். ஓர் ஊராட்சியின் எல்லாப் பெட்டிகளையும் கொட்டிக் கலந்துவிட்டு எண்ணினால் எந்த ஊர் எப்படிப் போட்டது என்று தெரியாது. செலவு ஒன்றும் இல்லை. ஒரு பெரிய மேசை போதும் என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் காபி வரவழைத்தார். முழுவதும் படித்தார்.

“அந்த மலைக்கு எதுக்கு சார் இரகசியம்? அவங்க எல்லாம் ஒண்ணாத்தானே போடுவாங்க?”

“ஒருவர் போடவில்லை.”

“ஆமாம், கேள்விப்பட்டேன்” என்று முன்னால் சாய்ந்தார். “யாருன்னு தெரிஞ்சுதா?”

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். என் மனுவின் மேல் அவர் பேப்பர்வெயிட்டை வைத்தது கதவருகே திரும்பியபோது தெரிந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழி முதல் பங்குனி வரை ஏற்ற காலம். ஐப்பசியில் ஓடை கடக்க முடியாது. புதூர்நாட்டிலிருந்து கடைசிப் பேருந்து மாலை 3.40, அதைத் தவறவிட்டால் தங்கவேண்டியதுதான். தண்ணீர், கம்பளி, நடைக்குப் பழகிய செருப்பு. சிற்றூர்களில் கடை இல்லை. யார் வீட்டில் சாப்பிட்டாலும் காசு நீட்டாதீர்கள், வாங்க மாட்டார்கள். தீப்பெட்டியோ உப்போ கொண்டுபோய்க் கொடுக்கலாம். பங்குனியில் போனால் புளி உலுக்கும் இடத்தில் கூட நின்று பொறுக்குங்கள். வேடிக்கை பார்ப்பவரைவிடப் பொறுக்குபவரிடம் நன்றாகப் பேசுவார்கள்.

என்னைப் போல் வாக்குப்பெட்டியோடு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அடுத்த தேர்தலுக்கும் என்னை அனுப்புவார்கள், மறுக்க மாட்டேன். அப்போது மேசைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், விரலில் மை வைக்குமுன், ஒரே வாக்கியம் சொல்வேன்: “உங்கள் சீட்டு யாருக்கும் தெரியாது, உங்கள் ஊர்ப் பெட்டி எல்லோருக்கும் தெரியும்.” அதற்காக என்மேல் நடவடிக்கை எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். விசாரணையில், கேட்பவர் முதலில் சத்தியம் செய்ய வேண்டும் என்பேன்.